அம்மாவின் கருவாடு

ஆடி அமாவாசைக்கு மீன் தின்கிற ஒரே யாழ்ப்பாணத்துச் சைவக்காரன் என்று எங்கள் பிளாட்டில் என்னைப்பற்றி ஒரு பகிடி இருக்கிறது. பகிடி விடுகிறவர்களுக்குக் காரணம் தெரியாது. நானும் கனகாலமாகச் சொல்லவில்லை. இப்போது சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

நான் இருப்பது குவைத்தில், மங்காஃப் என்ற இடத்தில். நகரத்துக்குத் தெற்கே கடற்கரையோடு ஒட்டி இருக்கிறது. அதற்குத் தெற்கே பஹாஹீல். அதற்கும் அங்காலே எண்ணெய் சுத்திகரிப்பு நிலையத்தின் சுவாலை இரவு பகலாக எரிந்துகொண்டிருக்கும். 2004 இல் இங்கே வந்தேன். வரும்போது இரண்டு வருட ஒப்பந்தம். அதற்குப் பிறகு எத்தனை இரண்டு வருடம் போய்விட்டது. எங்கள் பிளாட்டில் ஏழு பேர். நான் ஒருவன்தான் இலங்கை. மற்றவர்கள் தஞ்சாவூர், நாகப்பட்டினம், இராமநாதபுரம் பக்கத்துப் பிள்ளைகள். மேல் மாடியில் மலையாளிகள், கீழே எகிப்துக்காரர். காலை நாலரைக்குக் கொம்பனி பஸ் வரும். யூனிலிருந்து ஓகஸ்ட் முடியும்வரை பகல் பதினொன்றுக்கும் நாலுக்கும் இடையில் வெளியில் வேலை செய்யக்கூடாது என்பது இங்கத்தைய சட்டம். அவ்வளவு வெயில். ஆகவே அந்த மாதங்களில் எங்கள் நாள் இருட்டில் தொடங்கும்.

ஆடி அமாவாசை அந்த வெயிலின் உச்சத்தில்தான் வருகிறது.

எங்களூரில் ஆடி அமாவாசை தகப்பன் இல்லாதவர்களின் விரதம். தாய்க்குச் சித்திராப் பௌர்ணமி, தகப்பனுக்கு ஆடி அமாவாசை. தகப்பன் உயிரோடு இருக்கிறவன் இந்த விரதத்தைப் பிடிக்கக்கூடாது. பிடித்தால் இருக்கிற மனுசனைச் செத்தவராக்கியதாகிவிடும். சின்ன வயதில் இது எனக்கு ஒரு விதியாகத் தெரியவில்லை. ஐயா விரதம் பிடிப்பார், நான் பிடிக்கத் தேவையில்லை, பசி கிடக்கத் தேவையில்லை, அவ்வளவுதான்.

ஐயா தன் தகப்பனுக்காக, எங்கள் அப்புவுக்காக, கீரிமலைக்குப் போவார். எண்பதுகளின் நடுவில் இரண்டு முறை என்னையும் சைக்கிள் பாரில் வைத்துக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். கடலுக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணீர் ஊறுகிற கேணி. மதிலுக்கு அந்தப் பக்கம் உப்புக்கடல் இரையும், இந்தப் பக்கம் தண்ணீர் வாயில் பட்டால் இனிக்கும். அந்த வயதில் எனக்கு அதுதான் அதிசயம். குதிரை முகமும் கீரி முகமும் மாறின கதையை ஐயா சொல்லிக்கொண்டு வருவார். ஈர வேட்டியோடு ஐயருக்கு முன்னால் இருந்து எள்ளும் தண்ணீரும் இறைப்பார். அரிசியும் காய்கறியும் தானம் கொடுப்பார். நான் கரையில் நின்று சாரத்தையும் செருப்பையும் காவல் காப்பேன். தகப்பன் இருக்கிற பிள்ளைக்கு அங்கே வேறு வேலை இல்லை.

வீட்டுக்கு வந்தால் அம்மா சமைத்து வைத்திருப்பா. கத்தரிக்காய், பூசணிக்காய், வாழைக்காய், பயற்றங்காய், எல்லாவற்றுக்கும் மேலே காத்தோட்டிங்காய். வெளியூர்க்காரருக்கு அந்தப் பெயரே தெரியாது. வேலியிலும் பற்றையிலும் படர்கிற முள்ளுக்கொடியின் காய். கைப்பென்றால் அப்படி ஒரு கைப்பு. வருடத்தில் அந்த ஒரு நாள்தான் யாழ்ப்பாணம் அதைத் தேடும். சந்தையில் அன்றைக்கு அதற்கு ஒரு விலை இருக்கும். படைத்து, காகத்துக்கு வைத்து, காகம் எடுத்த பிறகுதான் ஐயா இலையில் இருப்பார்.

1990 க்குப் பிறகு கீரிமலைக்குப் போக முடியவில்லை. அந்த வருடம் நகுலேஸ்வரம் கோயிலில் குண்டு விழுந்தது. பிறகு அந்தப் பகுதி முழுவதும் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. ஐயா வீட்டுக் கிணற்றடியில் குளித்துவிட்டு வாளித் தண்ணீரில் எள்ளைப் போட்டு இறைக்கத் தொடங்கினார். "தண்ணி எல்லாம் நிலத்துக்குக் கீழை ஒண்டுதானே" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வார்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் நடந்ததே, அந்தக் கூட்டத்தில் நாங்களும் நடந்தோம். இதை வாசிக்கிறவர்களில் பாதிப்பேர் அந்த றோட்டில் எங்களுக்கு முன்னாலோ பின்னாலோ போயிருப்பீர்கள். அதை எழுதிக்கொண்டிருக்கத் தேவையில்லை. சாவகச்சேரிப் பக்கம் ஆறு மாதம் இருந்துவிட்டு 1996 சித்திரையில் கோண்டாவிலுக்குத் திரும்பினோம். கூரையில் பாதி இல்லை. கிணறு இருந்தது.

அந்த வருடம் ஆடி அமாவாசை ஓகஸ்ட் 14, புதன்கிழமை. ஐயா கிணற்றடியில் அப்புவுக்குத் தண்ணீர் இறைத்தார். அம்மா எங்கிருந்தோ நாலு காத்தோட்டிங்காய் தேடிப் பிடித்துப் பொரித்திருந்தா. பத்து நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை, நாங்கள் தென்மராட்சியில் விட்டு வந்த தையல் மெசினையும் இரண்டு பெட்டியையும் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஐயா சைக்கிளில் போனார். திரும்பி வரவில்லை. கைதடியில் கண்டதாக ஒருவர் சொன்னார். கைதடிக்குப் போகவே இல்லை, அதற்கு முன்பே மறித்துவிட்டார்கள் என்று இன்னொருவர் சொன்னார். இரண்டு பேரும் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. சைக்கிளும் கிடைக்கவில்லை. அந்த வருடம் யாழ்ப்பாணத்தில் இப்படிப் போய் வராதவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். எனக்கு அப்போது இருபது வயது.

அம்மா கடிதம் எழுதினா. பெயர் பதியும் இடமெல்லாம் பதிந்தா. வரிசையில் நின்றா. அதையும் நீங்கள் அறிவீர்கள்.

அடுத்த வருடம் ஆடி அமாவாசை 1997 ஓகஸ்ட் 3, ஞாயிற்றுக்கிழமை. ஒழுங்கை முழுவதும் சாம்பிராணி வாசம். பத்து வீட்டில் ஏழு வீட்டில் விரதம். முதல்நாள் சித்தப்பா வந்து, "அண்ணி, பெடியன் இந்த முறை பிடிக்கட்டுமே" என்று மெதுவாகக் கேட்டார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்குக் காலை பத்து மணியளவில் எங்கள் குசினியில் இருந்து கருவாட்டுக் குழம்பு மணக்கத் தொடங்கியது.

கருவாட்டு வாசம் எப்படிப்பட்டதென்று சொல்லத் தேவையில்லை. அது வேலிக்குள் நிற்காது. ஒழுங்கை முழுவதும் போனது. முன் வீட்டு மாமி வேலிப் பொட்டுக்கால் எட்டிப் பார்த்து, "என்ன பிள்ளை, இண்டைக்குப் போய்..." என்று இழுத்தா. அம்மா அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு வெளியில் வந்து சொன்னா:

"எங்கடை வீட்டிலை ஒருத்தரும் சாகேல்லை."

அவ்வளவுதான். மாமி தலையை இழுத்துக்கொண்டா. எங்கள் மூவருக்கும் அம்மா கருவாட்டுக் குழம்போடு சோறு போட்டா. அக்கா அழுதுகொண்டு சாப்பிட்டா. நான் ஒன்றும் பேசாமல் சாப்பிட்டேன். கருவாடு உப்புக் கரித்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் எங்கள் வீட்டில் கருவாடு. அன்றைக்குச் சந்தையில் மீன் இருக்காது என்று முதல் கிழமையே வாங்கிப் பத்திரப்படுத்தி விடுவா. மற்ற வெள்ளி, செவ்வாய், கந்தசட்டி, நல்லூர்க் கொடியேற்றக் காலம் எல்லாம் அம்மா மச்சம் தொடமாட்டா. அந்த ஒரு நாள்தான் பிடிவாதமாகக் கருவாடு. மற்றவர்கள் பட்டினி கிடந்து பிடித்த விரதத்தை அம்மா சாப்பிட்டுப் பிடித்தா. இதை நான் விளங்கிக்கொள்ளக் கன வருடம் எடுத்தது.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. ஐயா இருக்கிறார் என்றால் அப்புவுக்குத் தண்ணீர் இறைக்க வேண்டியவர் ஐயாதான். நான் இறைக்க முடியாது. ஆகவே 1996 க்குப் பிறகு அப்புவுக்கும் இல்லை. செத்தது நிச்சயமாகத் தெரிந்த ஒரு கிழவனும், செத்தாரோ இருக்கிறாரோ தெரியாத மகனோடு சேர்ந்து தாகத்தோடு இருக்கிறார் என்று சில இரவுகளில் நினைப்பேன்.

அரசாங்கத்துக்குக்கூட இந்தச் சிக்கல் கடைசியில் விளங்கியது. 2010 இல் காணாமல் போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் எடுக்கலாம் என்று சட்டம் வந்தது. அம்மா எடுக்க மாட்டேன் என்றா. 2016 இல் அதைத் திருத்தி, செத்தார் என்றும் சொல்லாமல் இருக்கிறார் என்றும் சொல்லாமல், 'காணப்படவில்லை' என்று சொல்கிற ஒரு சான்றிதழைக் கொண்டுவந்தார்கள். அக்கா விண்ணப்பத்தைக் கொண்டுவந்து காட்டியபோது, "காணேல்லை எண்டு எனக்குத் தெரியாதோ? அதுக்கு ஏன் இவையின்ரை கடுதாசி?" என்று கேட்டாவாம். சட்டத்தில் மூன்றாவதாக ஒரு நிலைமை உண்டாகிவிட்டது. பஞ்சாங்கத்தில் இன்னும் உண்டாகவில்லை. தகப்பன் இருக்கிறவன், தகப்பன் இல்லாதவன் என்று இரண்டே சாதி.

அம்மா 2021 இல் போய்விட்டா. கொரோனாக் காலம். இங்கிருந்து போனால் திரும்பி வர முடியுமோ என்று தெரியாத நேரம். நான் போகவில்லை. போனில்தான் பார்த்தேன். பெட்டிக்குள் வைக்க என்ன சேலை என்று ஒரு வாக்குவாதம் நடந்தது போனுக்குள்ளால் எனக்குக் கேட்டது. அக்கா ஒரே பிடியாக நின்று கூறைச் சேலையை உடுத்தி, பெரிய குங்குமப் பொட்டும் வைத்து விட்டா. இருபத்தைந்து வருடம் அழிக்காத பொட்டு. அக்கா செய்தது சரி என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

இங்கே வந்த நாளிலிருந்து நானும் அம்மாவின் விரதத்தைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆடி அமாவாசை வந்தால் பஹாஹீல் சந்தையில் மீன் வாங்கிக் குழம்பு வைப்பேன். பிளாட்டில் மற்றவர்கள் அன்றைக்கு மரக்கறி. முதல் வருடங்களில் முகம் சுளித்தார்கள். பிறகு பகிடியாக்கினார்கள்.

இனி 2024 க்கு வருகிறேன்.

அந்த வருடம் யூன் 12 விடியப்புறம் மங்காஃபில் தொழிலாளர் குடியிருந்த ஒரு மாடிக் கட்டடம் தீப்பிடித்தது. நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். இருநூறு பேரளவில் அதற்குள் இருந்தார்கள். நித்திரையில் இருந்த நேரம். நெருப்புப் பிடித்தது கீழ்த்தட்டில். மேலே ஏறின புகையில் மூச்சடைத்துத்தான் பலர் செத்தார்கள். மொத்தம் ஐம்பது பேர். பெரும்பாலானவர்கள் இந்தியர், அதிலும் மலையாளிகள். நாங்கள் பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் இருந்து பார்த்தால் வானத்தில் கறுப்பாகத் தெரிந்தது. எங்கள் கட்டடத்திலும் இதே படி, இதே ஒடுக்கமான வழி. அன்றைக்கு முழுவதும் ஒவ்வொருவனுக்கும் ஊரிலிருந்து போன் வந்தபடி இருந்தது. "இருக்கிறேன், இருக்கிறேன்" என்று சொல்லியே எல்லாருக்கும் தொண்டை கட்டிவிட்டது.

யூன் 14 ஆம் திகதி இந்திய விமானப்படையின் விமானம் நாற்பத்தைந்து உடல்களைக் கொச்சிக்குக் கொண்டு போனது. அதில் ஏழு பேர் தமிழ்நாட்டுக்காரர். பெட்டிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் பெயரும் படமும் ஒட்டியிருந்ததைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தோம். பிளாட்டில் எல்லாரும் அழுதார்கள். நானும் அழுதேன். ஆனால் எனக்குள் வேறு ஒன்றும் நடந்தது. அதை எழுதத்தான் இவ்வளவையும் எழுதினேன்.

எனக்குப் பொறாமை வந்தது.

இரண்டு நாள். இரண்டு நாளில் அடையாளம் கண்டு, பெயர் ஒட்டி, ஊருக்கு அனுப்பி, அடுத்த நாள் மகன் கொள்ளி வைக்கிறான். கரிந்து போனவரைக்கூட மரபணு பார்த்துக் கண்டுபிடிக்க முயற்சித்தார்கள். எங்களுக்கு இருபத்தெட்டு வருடம். ஒரு பல்லு, ஒரு செருப்பு, ஒரு திகதி கிடையாது. பிள்ளையைப் பறிகொடுத்துக் கதறுகிற ஒரு தாயைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன் என்பதை நினைக்க இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. ஆனால் உண்மை அதுதான். புலம்பெயர்ந்து இருக்கிற உங்களில் சிலருக்கு இது புதிதாக இராது என்று நினைக்கிறேன்.

அந்த வருட ஆடி அமாவாசை ஓகஸ்ட் 4, ஞாயிறு. இங்கே ஞாயிறு வேலைநாள். முதல்நாள் இரவு எங்கள் பிளாட்டில் இருக்கிற வேதாரணியத்துத் தம்பி என் கட்டிலடிக்கு வந்தான். எங்கள் ஊரும் அவன் ஊரும் ஒரே கடலுக்கு இக்கரையும் அக்கரையும். அவன் ஊரிலும் ஆடி அமாவாசைக்குக் கடல் முட்ட சனம்.

"அண்ணே, நாளைக்கு மூணு மணிக்குக் கடற்கரைக்குப் போறோம். பஸ்ஸுக்கு முன்னாடி வந்துரலாம். நீங்களும் வர்றீங்களா?"

நான் பேசாமல் இருந்தேன். அவன் தயங்கிக் கேட்டான். "அப்பா இருக்காருங்களா அண்ணே?"

இருபது வருடம் ஒரே அறையில் பலரோடு இருந்திருக்கிறேன். ஒருவரும் என்னிடம் நேராக இதைக் கேட்டதில்லை. 'ஓம்' என்று சொல்லலாம், 'இல்லை' என்று சொல்லலாம். இரண்டும் வாயில் வரவில்லை. "தெரியாது தம்பி" என்றேன். அவன் என்னைப் பார்த்தான். கதையைச் சொன்னேன். கருவாட்டையும் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. நெடுநேரம் கழித்து, "கடைசில ஒண்ணு விடுவாங்கண்ணே. யாருமே இல்லாதவங்களுக்குன்னு. அம்மா அப்பா, சொந்தம், சிநேகிதம் யாரும் இல்லாதவங்களுக்கும் இந்தத் தண்ணி போய்ச் சேரட்டும்னு. எங்க ஊர் ஐயர் அதுக்கு அர்த்தம் சொல்லியிருக்காரு. அதை யாரு வேணும்னாலும் மனசார விடலாம். அப்பா இருக்காரா இல்லையான்னு அது கேக்காது" என்றான்.

சாத்திரம் அதை ஒத்துக்கொள்ளுமோ தெரியாது. நான் போனேன்.

நாங்கள் ஐந்து பேர். வேட்டி இல்லை, சாரம்தான். மந்திரம் பெரிதாக இல்லை. வெளியிடத்தில் சத்தம் போடக்கூடாது. இருட்டில் தூரத்தில் எண்ணெய்க் கப்பல்களின் வெளிச்சம் நிரையாக நின்றது. தெற்கே சுவாலை. அமாவாசைக்கு ஏறின கடல் கற்களில் வந்து இடித்தது. தண்ணீர் சுட்டது. அந்த நேரத்திலும் உடம்புச் சூட்டில் இருந்தது. கீரிமலைக் கேணியின் குளிர் எனக்கு ஞாபகம் வந்தது. மற்றவர்கள் தங்கள் தகப்பன், பாட்டன் பெயர்களைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டார்கள். நான் சின்ன வயதில் நின்றது போலவே கரையில் செருப்புகளோடு நின்றேன். கடைசியில் தம்பி கூப்பிட்டான். இறங்கினேன். அந்தக் கட்டடத்தில் செத்த ஐம்பது பேரை நினைத்து விட்டேன். அவர்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள், ஆனாலும் விட்டேன். அது நான் பட்ட பொறாமைக்காக. பிறகு ஊர்பேர் தெரியாமல் எங்கெங்கோ கிடக்கிறவர்களுக்காக விட்டேன்.

ஐயாவுக்கு விடவில்லை. அவருக்கு மகன் இருக்கிறான். ஆள் இல்லாதவர்களின் கணக்கில் அவரை நான் எப்படிச் சேர்ப்பது?

அன்று மத்தியானம் மீன் வாங்கவில்லை.

2025 இல் செம்மணி மறுபடியும் திறந்தது. 1998 இல் நீதிமன்றத்தில் ஒரு படையாள், அங்கே முந்நூறு நானூறு உடல்கள் புதைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னான். 1999 இல் தோண்டிப் பதினைந்து எடுத்தார்கள். அதோடு மூடினார்கள். இருபத்தாறு வருடம் கழித்து, அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் எரிகொட்டகை கட்டக் கிடங்கு வெட்டும்போது எலும்பு வந்தது. யூலை மாதம் முழுவதும் அதே செய்தி. ஒரு நாள் ஒரு பள்ளிக்கூடப் பை. ஒரு நாள் ஒரு பால்போத்தல். செப்ரெம்பருக்குள் இருநூறைத் தாண்டிவிட்டது. கோண்டாவிலில் இருந்து தென்மராட்சிக்குச் சைக்கிளில் போகிற மனிதர் அந்தப் பக்கத்தால் போயிருக்கவும் கூடும், போகாமல் விட்டிருக்கவும் கூடும்.

அந்த யூலையின் நடுவில், 24 ஆம் திகதி வியாழக்கிழமை, ஆடி அமாவாசை. அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"என்ன சமைச்சனி அக்கா?"

"மரக்கறி" என்றா. கொஞ்ச நேரம் சத்தமில்லை. "காத்தோட்டிங்காயும் வாங்கினனான். ஆனால் படைக்கேல்லை. காகத்துக்கும் வைக்கேல்லை. சும்மா சமைச்சனான்."

"நான் கடலுக்குப் போனனான். அவருக்கு விடேல்லை."

"ம்" என்றா.

இருபத்தெட்டு வருடக் கருவாட்டுக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் சொல்லி வைக்காமல் பாதி வழிக்கு வந்திருந்தோம். அதைப் பற்றி இருவரும் மேலே கதைக்கவில்லை. அம்மாவுக்குத் துரோகம் செய்கிறோமோ என்று அக்கா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஓகஸ்ட் 5 ஆம் திகதி, தோண்டி எடுத்த பொருட்களை ஆட்கள் வந்து அடையாளம் காணட்டும் என்று வைத்தார்கள். அக்கா போனா. ஐயாவின் கண்ணாடிக் கூட்டையும் இடுப்புப் பட்டியையும் மனதில் வைத்துக்கொண்டு போனா. ஒன்றும் இல்லை. திரும்பி வந்து இரவு போன் எடுத்து, "இல்லை" என்று சொன்னா. குரலில் ஆறுதலா ஏமாற்றமா என்று எனக்குப் பிரித்தறிய முடியவில்லை. அவவுக்கும் முடிந்திராது.

எலும்பு பேசும் என்கிறார்கள். மரபணு, ஆய்வுகூடம், வெளிநாட்டு நிபுணர் என்று எல்லாம் சொல்கிறார்கள். ஒரு நாள் ஒரு பெயரும் திகதியும் வந்தால் நான் கீரிமலைக்குப் போவேன். ஐயாவுக்கும், அவருக்குப் பின்னால் இத்தனை காலம் காத்திருக்கிற அப்புவுக்கும் ஒன்றாக விடுவேன். வராமலே போனால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது.

2026 இல் ஆடி அமாவாசை ஓகஸ்ட் 12 ஆம் திகதி என்று வேதாரணியத்துத் தம்பி கலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறான். நான் ஊரால் வரும்போது அக்கா தந்துவிட்ட கட்டாக் கருவாடு ஒரு பொட்டலம் பிரிட்ஜில் இருக்கிறது. பஹாஹீலில் வாங்கின எள்ளும் ஒரு பொட்டலம், தேத்தண்ணிச் சாமான் வைக்கிற தட்டில் இருக்கிறது. இரண்டையும் நான் எறியவில்லை.